என்ன விக்க வந்தீங்க?

மலேசியாவுக்குப் போவதென்று திட்டம் போட்டது நானும் என் கணவரும். போய்ச் சேர்ந்தது நானும் அவருடைய அக்காவும். புறப்படச் சில நாட்களே இருந்தபோது அவர் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார். பயணம் அவ்வளவுதான் என்று நான் மூலையில் உட்கார்ந்து அழுது முடித்த மறுநாள், நாத்தனார் தன் காசில் டிக்கெட் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"பொம்பளப் புள்ளைய தனியா அனுப்ப முடியுமாடா? நான் போறேன் துணைக்கு" என்று தம்பியிடம் சொன்னார். அந்தப் பொம்பளைப் புள்ளைக்கு முப்பத்தெட்டு வயது.

எனக்கும் அவருக்கும் கல்யாணமான நாளிலிருந்தே ஆகாது. ஏன் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் சொல்லத் தெரியாது. அவர் என்னைவிட வயதில் ரொம்ப மூத்தவர் என்பதால் சண்டையில் எனக்கு எப்போதும் நஷ்டம்தான். அவர் "உனக்கெல்லாம் அறிவுன்னு ஒண்ணு இருக்கா?" என்று இறங்கி அடிப்பார். நான் "நீங்க பேசுறது சரியில்ல மதினி" என்று மரியாதையோடு கொதிக்க வேண்டும்.

நான் போடிநாயக்கனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் புவியியல் சொல்லிக்கொடுப்பவள். தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு கால் போன போக்கில் ஊர் சுற்றுகிறவர்கள் இணையத்தில் எழுதுவதை வருடக்கணக்காகப் படித்து ஏங்கியவள். மூன்று செட் துணி, ஒரு துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான் வேண்டும் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். நானும் அவ்வளவுதான் எடுத்துக்கொண்டேன். நாத்தனார் விமான நிலையத்துக்கு என்னுடையதைப் போல இரண்டு மடங்கு பையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தார். புடவைக்கு மேல் அந்தப் பை, காலில் புது ஷூ.

"உள்ள என்ன மதினி இவ்வளவு?"

"துணிமணி."

அதில் பொய் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கோலாலம்பூரில் ஒரு நாள் இருந்துவிட்டு பஸ் பிடித்து கோலசிலாங்கூருக்கு வந்தோம். ஆற்றங்கரை ஊர். கடைவீதியில் ஒரு மாடியில் அறை கிடைத்தது. வீட்டுக்காரம்மா தமிழர். தமிழர் என்றதும் எனக்கு நிம்மதி. சொந்த மொழி பேசுகிற இடத்தில் என்ன தப்பு நடந்துவிடும் என்று நினைத்தேன். வெளிநாட்டில் மொழி தெரியாத இடத்தில் நாம் உஷாராக இருப்போம். மொழி தெரிந்த இடத்தில்தான் ஏமாறுவோம். அந்தப் பாடத்தின் முதல் பகுதி மறுநாள் காலையிலேயே நடந்தது.

மாடியிலிருந்து இறங்கியதும் அந்தம்மா எங்களைப் பார்த்து, "பசியாறிட்டீங்களா?" என்றார்.

இன்னும் சாப்பாட்டுக் கடை எதையும் பார்க்கவில்லை. ஆனால் ஒருவர் வீட்டில் நின்றுகொண்டு பசிக்கிறது என்று எப்படிச் சொல்வது? "ஆச்சுங்க, ஆச்சுங்க" என்றேன், எங்கள் ஊர் வழக்கப்படி. ஊரில் என்றால் இன்னும் இரண்டு தடவை கேட்பார்கள், நாமும் இரண்டு தடவை மறுப்போம், மூன்றாவது தடவை உட்காருவோம்.

அந்தம்மா இரண்டாவது தடவை கேட்கவில்லை. நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"எங்கம்மா பசியாற? வயிறு ஒட்டிக் கெடக்கு" என்றார் நாத்தனார்.

"ஐயோ, வாங்க வாங்க ஆண்ட்டி, உக்காருங்க."

அவருக்கு முன்னால் தோசை வந்தது. நெத்திலி போட்டு வதக்கிய சம்பல் வந்தது. நுரை தள்ளும் டீ வந்தது. நான் எதிரே நின்று சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்தேன்.

"அவங்க?" என்று அந்தம்மா என்னைக் காட்டிக் கேட்டார்.

"அவ சாப்புட்டாளாம்ல" என்றார் நாத்தனார், தோசையைப் பிய்த்துக்கொண்டே.

பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியில் ஒரு கடையில் நின்று ஒரு பன் வாங்கித் தின்றேன். அவர் பல் குத்திக்கொண்டு, "பொய் சொன்னா இப்படித்தான்" என்றார்.

அன்றைக்குக் கடற்கரைக்குப் போவதாக எண்ணம். தெற்கே போகும் பஸ்ஸில் ஏறி, புக்கிட் ரோத்தானைத் தாண்டி எங்கேயாவது இறங்கிக் கடலை நோக்கி நடக்கலாம் என்று வழியை நான் வகுத்திருந்தேன். பைகளை அறையில் விட்டுவிட்டு வரலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அந்தம்மாவ நம்பி என் சாமானை விட்டுட்டு வரவா?" என்று நாத்தனார் தூக்கிக்கொண்டார். அவர் தூக்கும்போது நான் மட்டும் சும்மா வந்தால் அதற்கும் பேச்சு வரும் என்று நானும் தூக்கிக்கொண்டேன்.

பஸ்ஸில் ஒரு தமிழ் அக்கா மார்க்கெட் கூடையோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் பைகளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்து, கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நானாகவே பேச்சுக் கொடுத்துக் கடலுக்கு எப்படிப் போவது என்று கேட்டேன்.

"அடுத்த கம்பத்துல எறங்கி, உள்ள போற ரோட்டுல நேரா நடங்க. வந்துரும்" என்றார்.

எங்கள் ஊரில் கம்பம் என்றால் பக்கத்து ஊரின் பெயர். மற்றபடி மின்சாரக் கம்பம். பக்கத்து ஊர் இங்கே வர வாய்ப்பில்லை. ஆகவே எழுந்து மணியை அழுத்தினேன். மின்சாரக் கம்பங்கள் சாலை நெடுகிலும் வரிசையாக வந்துகொண்டிருந்தன. "எந்தக் கம்பம்டி?" என்றார் நாத்தனார். "அடுத்த கம்பம்னாங்கல்ல மதினி?" என்று அதட்டினேன். ஓட்டுநர் வேண்டாவெறுப்பாக நிறுத்தினார். நாங்கள் இறங்கியபோது அந்த அக்கா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி ஏதோ கத்தினார். நான் சிரித்துக் கை காட்டினேன். கம்பம் என்றால் அங்கே கிராமம் என்று அவர் கத்தியிருக்க வேண்டும்.

பஸ் போனபின் சாலையில் நாங்கள் இரண்டு பேர், ஒரு மின்கம்பம், இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய மட்டும் பாமாயில் எடுக்கும் செம்பனை மரங்கள். ஒரு செம்மண் பாதை மட்டும் உள்ளே போனது. அதன் வாயில் ஒரு பலகை இருந்தது. மலாய் மொழியை ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள். அதனால் என்னால் வாசிக்க முடிந்தது.

"டிலாராங் மாசோக்" என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். "ஊர் பேரு மதினி. உள்ள ஊர் இருக்கு. வாங்க."

கைப்பேசி வரைபடத்தில் அந்தப் பாதை கடலை நோக்கி நூல் பிடித்தாற்போல் போனது. நாங்களும் போனோம். மரத்துக்கு மரம் ஒரே மாதிரி. கீழே வெட்டிப்போட்ட மட்டைகள், பாதையோரம் குவித்த பழக்குலைகள், அழுகிய எண்ணெய் வாசனை. நிழல் இருந்தும் காற்று இல்லை. கொசு மட்டும் எங்களை ஆவலோடு வரவேற்றது. கொஞ்ச தூரத்தில் வரைபடத்தில் இருந்த நீலப் புள்ளி நகர்வதை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு பாதை பிரிந்த இடங்களில் எல்லாம் திசையை நானே முடிவு செய்தேன்.

"டீச்சரு... பூகோள டீச்சரு" என்றார் நாத்தனார் பின்னாலிருந்து. அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

ஒரு வளைவில் மாட்டுக் கூட்டம் குறுக்கே வந்தது. மாட்டுக்குப் பின்னால் நாய்கள். எத்தனை என்று எண்ண நான் நிற்கவில்லை. பையோடு ஓடி ஒரு வாய்க்காலில் விழுந்தேன். நாத்தனார் நின்ற இடத்தில் நின்று, "ஏ! போ அங்கிட்டு! தொலைச்சுப்புடுவேன் தொலைச்சு!" என்று ஒரு சத்தம் போட்டார். நாய்கள் நின்றுவிட்டன. எனக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பழக்கம். எங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்டதுதான்.

மாடுகளுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு பெண் வந்தார். ரப்பர் பூட்ஸ், முழுக்கைச் சட்டை, துணித் தொப்பி. மோட்டாரை நிறுத்தி, வாய்க்காலிலிருந்து ஏறி வந்த என்னையும் என் பையையும் மேலும் கீழும் பார்த்தார். தமிழில்தான் கேட்டார்.

"என்னா விக்க வந்தீங்க?"

"விக்கவா? இல்லைங்க, நாங்க டூரிஸ்ட்."

"டூரிஸ்ட்டா? டூரிஸ்ட்டுக்குச் செம்பனக் காட்டுல என்னா லா வேலை?" அங்கே பேச்சோடு பேச்சாக ஒரு 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"கடலுக்குப் போறோம்."

"கடலு அந்தப் பக்கம்" என்று நாங்கள் வந்த திசைக்கு நேர் குறுக்கே கையைக் காட்டினார். "போன வருசம் இப்படித்தான் ஒருத்தன் பைய மாட்டிக்கிட்டு வந்தான். இந்தியாலேந்து வந்த வைத்தியராம். முட்டி வலிக்கு எண்ணெய்னு வித்தான். தேச்ச அன்னிக்கே எங்க வீட்டுக்காரருக்குக் காலெல்லாம் கொப்புளம். அதுக்கு முந்தி ஒருத்தன் கோயிலு கட்டுறேன்னு வீடு வீடா டுயிட் வசூல் பண்ணிட்டுப் போனான். கோயிலும் இல்ல, அவனும் இல்ல. நீங்க என்னா? ருத்ராட்சமா?"

"நான் கவர்மென்ட் ஸ்கூல் டீச்சர்!"

"அவனும் டாக்டருன்னுதான் சொன்னான்."

வெள்ளைக்காரர் முதுகில் பையை மாட்டினால் அவர் பயணி. தமிழர் மாட்டினால் அவர் வியாபாரி, அல்லது திருடர். நான் படித்த ஊர்சுற்றிகள் யாரும் இதை எழுதியதில்லை. அவர்கள் யாரும் தமிழர்கள் இல்லை.

"நடங்க. மண்டோருகிட்ட வந்து சொல்லுங்க" என்றார். மண்டோர் என்றால் தோட்டத்து மேற்பார்வையாளர் என்று விளக்கம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விளக்கத்தையும் அதட்டலாகத்தான் சொன்னார். மாடுகள் முன்னால், நாங்கள் அவற்றுக்குப் பின்னால், எங்களுக்குப் பின்னால் மோட்டார். நாங்கள் தயங்கியபோதெல்லாம் ஹார்ன் அடித்தார். மாடுகளுக்கு அடிக்கவில்லை.

லயம் என்று அவர்கள் சொல்லும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். பாதி பூட்டிக் கிடந்தன. மீதியில் சில தமிழ்க் குடும்பங்கள். மண்டோர் வெளியே போயிருந்தார். பெண்கள் மட்டும் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள்.

"என்னா விக்கிறாங்க?" என்றார் ஒருவர்.

"கேட்டா டூரிஸ்ட்டாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை. ஒரு வயதான அம்மா, "எங்க வீட்டுப் பக்கம் வரவேணாம்னு சொல்லு. போன தடவ பூசை பண்றேன்னு வந்தவன் செம்பைத் தூக்கிட்டுப் போயிட்டான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். இன்னொருவர், "பையில என்னா இருக்குன்னு பாருங்க லா முதல்ல" என்றார்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. சேறு பூசிய சுடிதாரோடு, வகுப்பறையில் பேசுகிற குரலில் பேசினேன். "இங்க பாருங்க. எங்களுக்கும் மானம் மரியாதை இருக்கு. நாங்க எதையும் விக்க வரல. யாரையும் ஏமாத்த வரல. சந்தேகமா இருந்தா பையத் திறந்தே காட்டுறேன்."

பக்கத்தில் இருந்தது நாத்தனாரின் பை. அதைத் திறக்கப் போனேன்.

"ஏய், வேணாம்" என்றார் அவர் மெல்ல.

"இருங்க மதினி, நமக்கென்ன பயம்?" என்று ஜிப்பை ஒரே இழுப்பாக இழுத்தேன்.

உள்ளே நைட்டிகள். கண்ணாடிக் காகிதம் பிரிக்காத, விலைச்சீட்டு ஒட்டிய, பூப்போட்ட, கோடு போட்ட புது நைட்டிகள். ஒன்றன்மேல் ஒன்றாக, கழுத்துவரை.

நாத்தனார் ஊரில் தன் வீட்டு முன்னறையில் நைட்டி வியாபாரம் செய்கிறவர். எனக்கு அது தெரியும். அதைக் கடல் தாண்டித் தூக்கிக்கொண்டு வருவார் என்றுதான் தெரியவில்லை.

"டூரிஸ்ட்டுக்கு எதுக்கு லா இத்தன நைட்டி?" என்றார் மாட்டுக்காரப் பெண்.

நான் செத்துப்போக இடம் தேடினேன். நாத்தனார் தேடவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். ஒன்றை உருவி விரித்தார்.

"சுத்தமான பருத்தி. சாயம் போகாது. தொட்டுப் பாரு தாயி, தொட்டுப் பாக்க காசா?"

வாசலில் நின்றவர்கள் ஓரடி கிட்டே வந்தார்கள். பிறகு ஒருவர் தொட்டுப் பார்த்தார். அதற்குப் பிறகு நடந்ததை வியாபாரம் என்று சொல்வதைவிடச் சண்டை என்று சொல்வதே சரி.

"பாசார் மாலாம்ல இதவிட மலிவா கெடைக்கும்."

"அந்த ராத்திரிச் சந்தைத் துணிய உடுத்தி வேர்த்து ஊத்தவா? வாங்கிக்க, எனக்கென்ன."

"கை ஓட்டை பெருசா இருக்கு."

"காத்து வரட்டும்னு வச்சிருக்கு."

"தையல் கோணலா இருக்கே ஆண்ட்டி."

"உன் கண்ணு கோணல்."

மாட்டுக்காரப் பெண்தான் எல்லாரையும்விட மோசம். ஒவ்வொரு தையலையும் வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஒன்றை நூல் விடும்வரை இழுத்து, "பாத்தீங்களா?" என்று ஊருக்கே காட்டினார். "நீ இழுத்த இழுப்புக்கு மாட்டுத் தோலே கிழியும்" என்றார் நாத்தனார். இரண்டு பேருக்கும் கண்ணில் ஒரு வெறி. என்னோடு சண்டை போடும்போதுகூட அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை.

நான் பின்னாலிருந்து குனிந்து, "மதினி, சுற்றுலா விசாவுல வந்து யாவாரம் பண்ணக் கூடாது. புடிச்சு உள்ள போட்டுருவாங்க" என்றேன்.

"நீ போயி அந்த நாய்கிட்ட உக்காரு" என்றார், திரும்பாமல்.

இடையில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. விலையைக் கொஞ்சம் இறக்கியதற்கு ஈடாக நாத்தனார் கேட்டு வாங்கியது. "பசியாறிட்டீங்களா?" என்று யாரோ என்னிடமும் கேட்டார்கள். "இல்ல" என்று சத்தமாகச் சொன்னேன். அந்த நாட்டில் நான் ஒழுங்காகக் கற்ற பாடம் அது ஒன்றுதான்.

நைட்டிகள் குறைந்து வந்தபோது ஒரு பெண் என் பையின் வாயில் தெரிந்த பச்சைக் குர்தாவைக் காட்டி, "அது எவ்வளவு?" என்றார். நாத்தனார் கையை நீட்டினார். நான் பையை மடியில் தூக்கி வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

"அது என்னோடது மதினி!"

"உனக்கு அந்தக் கலர் எடுக்கவே இல்ல. குடு."

பையின் வாரை அவர் ஒரு பக்கம் இழுக்க, நான் மறுபக்கம் இழுத்தேன். அந்த நேரத்தில்தான் சீருடை போட்ட தோட்டத்துக் காவலாளி ஒருவர் வண்டியில் வந்து இறங்கினார். அவரும் தமிழர்தான். பெண்கள் அவரை ஜாகா என்றார்கள். வந்ததும் அவர் முகத்தில் இருந்தது களைப்பு கலந்த வெறுப்பு.

"வெளிய போர்டு வச்சிருக்கே, பாக்கலியா?"

"பாத்தோம்" என்றேன். "டிலாராங் மாசோக். ஊர் பேருதானே?"

அவர் சிரிக்கவில்லை. பெண்கள் சிரித்த சிரிப்பில் சாத்தியிருந்த கதவைத் திறந்துகொண்டு வயதான அம்மாவும் வெளியே வந்துவிட்டார்.

"உள்ள நுழையக் கூடாதுன்னு அர்த்தம்" என்றார் காவலாளி. "பொட்டலத்தக் கட்டுங்க. வண்டில ஏறுங்க. இனிமே உள்ள பாத்தேன், நேரா போலீஸ்தான்."

பிக்கப் வண்டியின் பின்னால் உர மூட்டைகளுக்கு நடுவே எங்களை ஏற்றினார். வண்டி கிளம்பியபோது மாட்டுக்காரப் பெண் புது நைட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கத்தினார்.

"ஆண்ட்டி! இனிமே இந்தப் பக்கம் வந்தா எக்ஸெல் சைஸ் கொண்டு வாங்க! வராட்டி இன்னும் நல்லது!"

பெரிய சாலையில், பலகைக்குப் பக்கத்தில் எங்களை இறக்கிவிட்டுக் காவலாளி போனார். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அங்கே வைத்து நான் வெடித்தேன். என்னைத் திருடி மாதிரி நிற்க வைத்தார்கள், நான் மானம் மரியாதை என்று மேடைப் பேச்சுப் பேசினேன், அத்தனை நேரமும் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்களே என்று ஆரம்பித்தேன். கம்பத்தில் இறக்கிவிட்டது யார், நுழையாதே என்பதை ஊர் என்றது யார் என்று அவர் பதிலுக்கு ஆரம்பித்தார். லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஓர் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்.

"என்னத்தக் கெட்டுப்போச்சு இப்போ? சோறு தின்னேல்ல?" என்றார் நாத்தனார்.

"நீ வாய மூடு!" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. பதினைந்து வருடக் கல்யாண வாழ்க்கையில் வராத 'நீ'. மழை கொட்ட ஆரம்பித்தது. அவர் நிதானமாகப் பையின் பக்கவாட்டிலிருந்து குடையை எடுத்து விரித்து, தனக்கு மட்டும் பிடித்துக்கொண்டார். நான் நனைந்தேன். கேட்டிருந்தால் இடம் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. பஸ் வரும்வரை அப்படியே நின்றோம்.

மறுநாள் தனித்தனியாகத்தான் சுற்றினோம். நான் ஊருக்குள் இருக்கும் மலைக்குப் போனேன். அங்கே இரண்டு வகைக் குரங்குகள். சாம்பல் நிறக் குரங்கு கையை நீட்டிக் கேட்கும். பழுப்பு நிறக் குரங்கு கேட்காது. என் கறுப்புக் கண்ணாடியை ஒரு பழுப்புக் குரங்கு பறித்துக்கொண்டு மரத்தின் மேல் ஏறி, அதன் காதுக்கம்பி ஒன்றை மென்று துப்பியது. அவர் ஆற்றங்கரையில் நண்டு தின்றாராம். வீட்டுக்காரம்மா எனக்குச் சொன்னார். "உங்களுக்குச் சொல்லலையா அவங்க?" என்று வேறு கேட்டார்.

கோலாலம்பூருக்குத் திரும்பும் பஸ்ஸில் நாத்தனார் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்துக்கொண்டார். பை இப்போது காலிச் சாக்குப் போல் மடிந்து கிடந்தது. இருந்தாலும் அதற்கு ஓர் இருக்கை. நான் அவருக்கு நேர் பின் வரிசையில், கல்லூரிக்குப் போகிற ஒரு தமிழ்ப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் இரண்டு பைகளையும் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் ஒன்றாக வந்தவர்கள் என்று புரிந்துகொண்டாள்.

"அக்கா, முன்னால இருக்கறது உங்க அம்மாவா?"

அந்தப் பயணம் முழுக்க எனக்குக் கிடைக்காத ஒரு சந்தோஷம் வயிற்றிலிருந்து எழுந்து வந்தது. முன் இருக்கையில் தலை விறைத்தது தெரிந்தது.

"ஆமாம்மா" என்றேன், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. "அம்மாதான். வயசாயிருச்சு. காது வேற சரியா கேக்காது. சத்தமா பேசணும்."

"ஐயோ, பாவம் லா" என்றாள் அந்தப் பெண்.

நாத்தனார் திரும்பவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, அதே அளவுக்குச் சத்தமாகச் சொன்னார்.

"காது நல்லாத்தான் கேக்குது தாயி. பெத்ததுதான் சரியில்ல."